தேசியக் கொடியை மடித்துக் காத்தல்

இந்தியத் தேசியக் கொடியை இறக்கியபின் மடித்து, கறை படாமலும் கிழியாமலும் பேணும் முறை. அரசு அலுவலகங்களும் படை முகாம்களுமே நாள்தோறும் கொடியேற்றிய காலத்தில், இது காவலர்களும் படைவீரர்களும் பயிற்சியில் கற்றுக்கொண்ட கைப்பழக்கமாக இருந்தது. கொடி வீடுகளுக்கு வந்த பிறகே செய்முறையாக எழுதிப் பரப்ப வேண்டிய தேவை எழுந்தது. கொடியேற்றத்துக்கு இருந்த தடைகள் நீங்கியதற்கு ஐதராபாத்தின் கொடி வரலாறு ஓர் எடுத்துக்காட்டு.

ஐதராபாத்தில் மூவண்ணக் கொடி

அரசியல் நிர்ணய சபை 1947 ஜூலை 22 அன்று தேசியக் கொடியை ஏற்றுக்கொண்டது. சக்கரம் பொறித்த இறுதி வடிவம் உருவானதில், ஐதராபாத்தில் பிறந்த சுரையா தியாப்ஜிக்குப் பங்குண்டு என்று கூறுவோர் உண்டு. ஆனால் அந்நகரில் அக்கொடியை ஏற்றுவது அப்போது குற்றம். இந்தியாவுடன் சேராமல் தனித்து நிற்க விரும்பிய நிஜாம் மீர் உஸ்மான் அலி கானின் அரசு அதைத் தடை செய்திருந்தது. 1947 ஆகஸ்டு 15 அன்று ஐதராபாத் மாநிலக் காங்கிரஸ் தலைவர் சுவாமி ராமானந்த தீர்த்தர் சுல்தான் பஜாரில் தடையை மீறிக் கொடியேற்றிக் கைதானார். 1948 செப்டம்பரில் இந்தியப் படை நுழைந்து நிஜாமின் படை பணிந்த பிறகே, மூவண்ணக் கொடி அங்கு அரசுக் கொடியாயிற்று.

சட்டமும் விதிகளும்

விடுதலைக்குப் பிறகும் நாடு முழுவதும் தனிமனிதர் கொடியேற்றுவதற்கு நெடுங்காலம் கட்டுப்பாடு இருந்தது. தொழிலதிபர் நவீன் ஜிண்டால் தொடுத்த வழக்கு அதைத் தளர்த்த வழிவகுத்தது. 2002 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கொடி விதித்தொகுப்பு, பொதுமக்களும் எல்லா நாட்களிலும் மரியாதையுடன் கொடியேற்ற இடமளித்தது. 2004-இல் உச்ச நீதிமன்றம் கொடியேற்றும் உரிமையைக் கருத்துரிமையின் பகுதியாக ஏற்றது.

கொடி பழுதாகும்படியோ அழுக்காகும்படியோ அதை வைத்திருக்கக் கூடாது என்று இத்தொகுப்பு கூறுகிறது. எப்படி மடிப்பது என்று படிப்படியாக விளக்கவில்லை. கொடியை விரைந்து ஏற்ற வேண்டும், மெதுவாக இறக்க வேண்டும் என்பதும் இதில் உள்ள விதியே. கொடிக்குள் எந்தப் பொருளையும் பொதிந்து வைக்கக் கூடாது. விரித்துப் பறக்கவிடும்போது உதிர்வதற்காக வைக்கும் பூவிதழ்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இதழ்களை உள்ளே வைத்துச் சுருக்கு முடிச்சிட்டுக் கம்பத்தின் உச்சியில் கட்டும் மடிப்பு வேறு. இறக்கியபின் பேணி வைப்பதற்கான மடிப்பு வேறு.

மடிக்கும் முறை

2022 ஆகஸ்டு 13 முதல் 15 வரை ‘ஹர் கர் திரங்கா’ என்ற பெயரில் வீடுதோறும் கொடியேற்றும் இயக்கம் நடந்தது. அப்போது ஒன்றியப் பண்பாட்டு அமைச்சகம் மடிக்கும் முறையைப் படங்களுடன் வெளியிட்டது.

1. கொடியைக் கிடைமட்டமாக விரித்துப் பிடித்தல்.
2. காவிப் பட்டையையும் பச்சைப் பட்டையையும் நடுவிலுள்ள வெள்ளைப் பட்டைக்கு அடியில் மடித்தல்.
3. அசோகச் சக்கரமும் காவி, பச்சைப் பட்டைகளின் சிறு பகுதிகளும் மட்டும் தெரியும்படி, வெள்ளைப் பட்டையை இரு பக்கங்களிலிருந்தும் மடித்தல்.
4. மடித்த கொடியை இரு உள்ளங்கைகளிலோ கைகளின் மீதோ ஏந்திச் சென்று வைத்தல்.

அமெரிக்கக் கொடியை முக்கோணமாக மடிப்பது அங்குள்ள வழக்கம். இந்திய முறையில் சக்கரம் மேல்பக்கம் இருக்கும்படி நாற்கோணமாக மடிக்கப்படுகிறது.

துணியும் பராமரிப்பும்

2021 டிசம்பர் வரை விதிப்படியான கொடி கையால் நூற்று நெய்த கதர்த் துணியால் ஆனது. பருத்திக் கதர் ஈரத்தை உறிஞ்சும். நனைந்த கொடியை உலர்த்தாமல் மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஒரே மடிப்புக் கோட்டில் நெடுநாள் கிடந்தால் அங்கே இழை நலியும். 2021 டிசம்பர் 30 அன்று செய்த திருத்தம் பாலியெஸ்டர் துணியையும் இயந்திரத் தயாரிப்பையும் அனுமதித்தது. 2022 ஜூலையில் வந்த திருத்தம் பொதுமக்கள் இரவிலும் கொடியைப் பறக்கவிட இடமளித்ததால், பொழுது சாய்ந்ததும் இறக்கி மடிக்கும் கட்டாயம் அவர்களுக்கு நீங்கியது.

பெருங்கொடிகளுக்கு மேற்சொன்ன நான்கு மடிப்புப் படிகள் எளிதில் பொருந்தா. தெலங்கானா உருவான 2-ஆம் ஆண்டு நாளான 2016 ஜூன் 2 அன்று, ஐதராபாத்தின் உசேன் சாகர் ஏரிக்கரையில் உள்ள சஞ்சீவையா பூங்காவில் 291 அடி உயரக் கம்பத்தில் முதல்வர் கே. சந்திரசேகர ராவ் கொடியேற்றினார். 108 அடி நீளமும் 72 அடி அகலமும் கொண்ட அக்கொடியை ஓரிருவரால் மடிக்க இயலாது. ஏரிக்காற்றில் கிழிந்து கொடியை மாற்ற வேண்டிய நிலையும் அங்கு நேர்ந்தது.

அருங்காட்சியகங்கள் பழங்கொடிகளை மடிப்பதைத் தவிர்க்கின்றன. 1947 ஆகஸ்டு 15 அன்று சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் ஏற்றப்பட்ட பட்டுக்கொடி, கோட்டை அருங்காட்சியகத்தில் காற்றுப் புகாத கண்ணாடிப் பேழைக்குள் விரித்த நிலையில் வைக்கப்பட்டுள்ளது. ஈரத்தை உறிஞ்சுவதற்காகப் பேழையினுள் சிலிக்கா ஜெல்லும் உண்டு.

பழுதான கொடி

கிழிந்த அல்லது பழுதடைந்த கொடியை மடித்துச் சேர்த்து வைக்கவோ குப்பையில் எறியவோ கூடாது. முழுமையாக, தனியிடத்தில், இயன்றவரை எரித்து, மரியாதையுடன் அழிக்க வேண்டும் என்பது விதி. விழா முடிந்ததும் காகிதக் கொடிகளையும் தரையில் விடாமல் எடுத்து, அவ்வாறே அப்புறப்படுத்த வேண்டும். கொடியை அவமதிக்கும் நோக்கில் பொது இடத்தில் எரிப்பதோ சிதைப்பதோ, தேசிய மரியாதை இழிவு தடுப்புச் சட்டம் 1971-இன்படி 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம்.