எம்டனின் முதல் அதிகாரி

பிளவக்கல் அடிவாரத்து ஊர்களிலும் எமகாதகனை ‘அவன் ஓர் எம்டன்’ என்பர். கடலையே கண்டிராத நம் பாட்டிமார் நாவில் புழங்கிய சொல் அது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைப் பீரங்கியால் சுட்டு எரித்த ஜெர்மானியப் போர்க்கப்பலே எம்டன் என்பதையும் பலர் அறிவர். செண்பகராமன் பிள்ளை அதில் வந்தார் என்று இன்றும் சொல்லி வருகிறோம், அதற்குச் சான்றில்லை. சான்றுள்ள ஒருவரையோ மறந்துபோனோம்.

தலைவர் கார்ல் ஃபான் முல்லருக்கு அடுத்த நிலையில், கப்பலின் முதல் அதிகாரியாக இருந்தவர் ஹெல்முத் ஃபான் முக்கே; 1881இல் பிறந்தவர். நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவின் தந்தி நிலையத்தை அழிக்க ஐம்பது பேருடன் கரையிறங்கினார். அவ்வேளையில் ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி வந்து எம்டனை வீழ்த்தியது. கரையில் நின்றவரோ சரணடையவில்லை. அங்கே கிடந்த ‘ஆயிஷா’ என்னும் பாய்மரக் கப்பலைக் கைப்பற்றிச் சுமத்திராவின் பாடாங்கை அடைந்தார். பிறகு வேறொரு கப்பலில் அரபுக் கரை. பாலைவனத்தில் சண்டை, உயிரிழப்பு. 1915 மே மாதம் கான்ஸ்டாண்டிநோபிள். நம்மூர் அச்சொல்லுக்குத் தரும் பொருளுக்குக் கப்பலைவிட இவரே பொருத்தம் என்போம்.

பின்வாழ்வு அத்தனை எளிதன்று. நாஜிக் கட்சியில் சேர்ந்தார்; 1929இல் விலகினார்; போரை எதிர்த்துப் பேசினார். அதே நாஜிகள் அவரைச் சிறையிலிட்டனர். 1957இல் இறந்தார்.