கைப்பக்குவத்துக்குக் கணக்கு எழுதியவர்

1951இல் சென்னையில் ஒரு சமையல் புத்தகம் வெளிவந்தது. பெயர் 'சமைத்துப் பார்'. எழுதியவர் எஸ். மீனாட்சி அம்மாள். என் வயதுக்காரர்களின் வீடுகளில் அது இல்லாத வீட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம். கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குச் சீரோடு சீராக அதையும் பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். எண்ணெய்க் கறை இல்லாத பிரதி ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை.

தீபாவளி பட்சணத்தைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். தேங்குழல், முள்ளுமுறுக்கு, நாடா பக்கோடா, ஓமப்பொடி, மாலாடு, மைசூர்பாகு என்று பட்டியல் போட்டால் நாக்கில் ஜலம் ஊறும், கட்டுரையும் முடிந்துவிடும். ஆனால் அதையெல்லாம் செய்தது யார் என்று யோசித்தபோது விஷயம் வேறு பக்கம் போயிற்று. 'அம்மா செய்வாள், பாட்டி செய்வாள்' என்று எல்லோரும் எழுதுகிறோம். மயிலாப்பூரில் என் அம்மாவின் பிறந்த வீட்டில் பட்சணம் செய்தது அம்மாவும் இல்லை, பாட்டியும் இல்லை. அத்தைப்பாட்டி. தாத்தாவின் தங்கை. பதினாலு வயதில் கணவன் போய், கும்பகோணம் பக்கத்திலிருந்து அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள்.

மீனாட்சி அம்மாளும் இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். இந்த ஒற்றுமை எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை. யாரும் சொல்லவுமில்லை.

நான் பிறந்து படித்தது புதுச்சேரியில். பள்ளிக்கூடத்தில் எல்லாம் பிரெஞ்சு. லீவு விட்டால் விழுப்புரத்தில் வண்டி மாறி எழும்பூர், அங்கிருந்து மயிலாப்பூர். தாத்தா வீட்டுக் கொல்லையில் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே கோட்டை அடுப்பு போட்டுவிடுவார்கள். விடியற்காலையில் குளித்து, மடிப்புடவையோடு அத்தைப்பாட்டி அடுப்பின் முன் உட்கார்ந்தால் உச்சி வேளைக்குத்தான் எழுந்திருப்பாள். அதுவரை நாங்கள் யாரும் பக்கத்தில் போகக் கூடாது. தொட்டால் மடி போய்விடும், மறுபடி குளிக்க வேண்டும்.

அந்தக் காலத்துப் பிராமணக் குடும்பங்களில் கைம்பெண்ணுக்கு இருந்த இடம் விசித்திரமானது. சுபகாரியத்தில் எதிரே வரக்கூடாது. கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கு எடுத்துக் கொடுக்கக் கூடாது. தீபாவளி விடியலில் தலையில் எண்ணெய் வைப்பதும் சுமங்கலிதான். ஆனால் நைவேத்தியத்துக்கும் பண்டிகைக்கும் மடியாகச் சமைக்க அவளைவிடத் தோதான ஆள் வீட்டில் கிடையாது. குழந்தை குட்டி இல்லை, கூப்பிட்ட குரலுக்கு வேறு வேலையும் இல்லை. நவராத்திரி ஒன்பது நாளும் சுண்டல் அவள் கையால்தான். கார்த்திகைப் பொரி உருண்டைக்குப் பாகு வைப்பதும் அவள்தான். காரடையான் நோன்பு கணவனின் ஆயுளுக்காகப் பெண்கள் இருக்கும் விரதம். அன்றைக்கும் அரிசி மாவை வறுத்து, காராமணியை வேகவைத்து, வெல்லம் கரைத்து எல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டு அத்தைப்பாட்டி ஒதுங்கிக்கொள்வாள். அடை தட்டிச் சரடு கட்டிக்கொள்வது மற்றவர்கள்.

அவளுக்கோ ராத்திரியில் அரிசிச் சோறு கிடையாது. ஏதாவது பலகாரம்தான்.

இதற்கெல்லாம் பின்னால் சட்டமும் பணமும் இருந்தன. முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்கார் கோப்புகளைப் புரட்டியவனாதலால் எனக்கு அந்தப் பக்கம்தான் முதலில் கண்ணில் படும். விதவை மறுமணத்தை அனுமதித்த சட்டம் 1856லேயே வந்துவிட்டது. மயிலாப்பூர் மாடவீதிக்குள் அது வரவில்லை. குழந்தை மணத்தைத் தடுத்த சாரதா சட்டம் 1929இல் நிறைவேறி 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கணவன் சொத்தில் விதவைக்குப் பங்கு தந்த சட்டம் 1937இல். அதுவும் ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமை மட்டும், அதுவும் சட்டம் வந்த பிறகு கணவன் இறந்திருந்தால்தான். அத்தைப்பாட்டியின் கணவன் அதற்கு வெகு முன்பே போய்விட்டார். ஆகவே அவளுக்குப் பங்கு இல்லை. புக்ககத்தார் மனது வைத்தால் ஜீவனாம்சம். மனது வைக்கவில்லை. முழு உரிமை தந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இல் வந்தபோது கேட்டு வாங்க எதுவும் மிச்சமில்லை. இன்று நாம் சாதாரணமாகப் பேசும் குடும்ப ஓய்வூதியம்கூட, மத்திய அரசு ஊழியர் குடும்பங்களுக்கு 1964 திட்டத்துக்குப் பிறகுதான் சரியாக நிலைபெற்றது.

இந்த நிலையிலிருந்து வெளியே வரச் சென்னையில் அப்போது ஒரு வழி திறந்தது, படிப்பு. சகோதரி சுப்புலட்சுமி தாமே பால்ய விதவை. மாநிலக் கல்லூரியில் படித்து 1911இல் பி.ஏ. பட்டம் பெற்றார், சென்னை மாகாணத்தில் பட்டதாரியான முதல் இந்து விதவை அவர்தான். அவர் நடத்திய விதவையர் இல்லம் பின்னால் கடற்கரையோரம் ஐஸ் ஹவுஸில் இயங்கியது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேர்த்துவைக்கக் கட்டிய வீடு அது. அங்கே படித்துப் பல பெண்கள் ஆசிரியைகளானார்கள். தாத்தா வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். அத்தைப்பாட்டியை யாரும் அங்கே அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் வீட்டில் பட்சணம் யார் செய்வது என்ற கேள்வி எழுந்திருக்கும்.

மீனாட்சி அம்மாளின் வழி வேறு. அவர் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அடுப்படியையே காகிதத்தில் எழுதினார். அவருடைய சமையலின் பேரைக் கேட்டு உறவுக்காரர்கள் பக்குவம் கேட்டு வருவார்களாம். கேட்டவர்களுக்கெல்லாம் சொல்வதை ஏன் ஒரு புத்தகமாக எழுதக் கூடாது என்று தூண்டியவர் அவருடைய மாமா, வழக்கறிஞர் கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். தமிழில் பாகசாஸ்திர நூல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே அச்சாகியிருந்தன. ஆனால் இதற்கு முன் சமைத்தே பழகாத ஒருத்தி, பக்கத்தில் சொல்லித்தர ஆளில்லாமல், புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ரசம் வைத்துவிடலாம் என்ற தைரியத்தைக் கொடுத்தது இந்தப் புத்தகம். தலைப்பே பாருங்கள். சாப்பிட்டுப் பார் என்றில்லை.

அந்த வேலை எவ்வளவு கடினமானது என்பது அத்தைப்பாட்டியிடம் பக்குவம் கேட்டவர்களுக்குத் தெரியும். "உப்பு எவ்வளவு போடணும்?" என்றால் "வேண்டிய மட்டும்" என்பாள். "பாகு எப்போ இறக்கணும்?" என்றால் "பதம் வந்தா இறக்கணும்." பொய் சொல்லவில்லை. அவளுக்கு அளவு என்பது கையிலும் கண்ணிலும் காதிலும் இருந்தது. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டு விரலால் கூட்டிப் பார்ப்பாள். கம்பியாக இழுத்தால் ஒன்றுக்கு ஆகும், உருண்டையாகத் திரண்டால் வேறொன்றுக்கு ஆகும், எடுத்துப் போட்டால் 'டக்'கென்று சத்தம் வந்தால் மனோகரத்துக்கு ஆகும். மைசூர்பாகில் நெய் கக்கிக்கொண்டு பொங்கி வரும் அந்த ஒரு நிமிஷத்தைத் தவறவிட்டால் அது மைசூர்க்கல். இந்த ஒரு நிமிஷத்தை வார்த்தையில் எழுத வேண்டும். மீனாட்சி அம்மாள் எழுதினார்.

அவர் எழுதிய அளவுகள் ஆழாக்கு, படி, பலம், தோலா. இதில்தான் எனக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது. 1956இல் எடை அளவைச் சட்டம் வந்து, 1958 அக்டோபரிலிருந்து கிலோவும் கிராமும் படிப்படியாக நுழைந்து, 1962க்குள் கடைகளில் வீசையும் பலமும் போய்விட்டன. அதற்குள்ளேயே, 1957 ஏப்ரலில், அணா போய் நயா பைசா வந்தாயிற்று. பாட்டியும் அம்மாவும் திண்டாடினார்கள். எனக்கோ கிராமும் லிட்டரும்தான் தாய்ப்பால். மெட்ரிக் முறையே 1795இல் பிரெஞ்சுப் புரட்சி பெற்றுப்போட்ட பிள்ளை. எங்கள் பள்ளியில் அதைக் கேட்காமல் ஒரு நாள் போகாது. ஆகவே லீவுக்கு வரும்போதெல்லாம் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. ஒரு பலத்துக்கு மூன்று தோலா, அதாவது 35 கிராம். நாற்பது பலம் ஒரு வீசை, 1,400 கிராம். எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆழாக்கு சுமார் 200 மில்லி. அத்தைப்பாட்டி எழுத்தறியாதவள். நான் எழுதுவதை எட்டி நின்று பார்த்துவிட்டு, "புஸ்தகத்துல பாகு பதம் போட்டிருக்காளா?" என்று கேட்டாள். படித்துக் காட்டினேன். "சரியாத்தான் சொல்லியிருக்கா" என்றாள். எழுதியவரும் தன்னைப் போலத்தான் என்று அவளுக்குத் தெரியுமோ என்னவோ. எனக்கு அப்போது தெரியாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்தப் புத்தகம் வந்த காலம் தாராளமான காலம் இல்லை. யுத்தத்தின்போது வந்த அரிசி ரேஷன் 1951லும் சென்னையில் இருந்தது. ராஜாஜி முதலமைச்சரான பிறகு 1952 ஜூனில்தான் கட்டுப்பாட்டை எடுத்தார். அறுபதுகளில் சர்க்கரைக்குத் தட்டுப்பாடு. தீபாவளிக்கு ரேஷன் கடையில் கூடுதலாகக் கொஞ்சம் சர்க்கரை போடுவார்கள், அதற்கு விடியற்காலையிலிருந்து வரிசை. வீட்டில் எத்தனை இனிப்பு என்பதைத் தீர்மானித்தது கார்டுதான். எங்கள் வீட்டில் சர்க்கரை இனிப்பு ஒரே ஒரு தட்டு மைசூர்பாகு. மீதியெல்லாம் வெல்லம்: மனோகரம், ஒக்கோரை, பொரிவிளங்காய். இன்று இவற்றை 'பாரம்பரிய இனிப்பு' என்று அழகாகப் பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். எங்களுக்கு அது சர்க்கரை கிடைக்காத தோஷம். நெய்க்குப் பதில் டால்டா வாங்கிய வீடுகளும் உண்டு; டப்பாவைக் கொல்லையில் ஒளித்துவைப்பார்கள். தீபாவளி லேகியத்தில் மட்டும் சமரசம் கிடையாது. கச்சேரி சாலை டப்பா செட்டிக் கடையில் சுக்கு, அரிசித்திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை எல்லாம் வாங்கி வந்து இடித்துக் கிளற வேண்டும். அவ்வளவு எண்ணெய்ப் பண்டத்தைத் தின்றுவிட்டு வேறென்ன செய்வது?

அண்ணன் வீடு இருந்ததால் அத்தைப்பாட்டிக்குச் சோற்றுக்குக் கஷ்டமில்லை. அதுவும் இல்லாதவர்கள் அந்தத் தெருக்களிலேயே இருந்தார்கள். அப்பளம் இட்டு, வடாம் பிழிந்து, பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் முறுக்குச் சுற்றிக் கொடுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். சீர் முறுக்கில் ஏழு சுற்று, ஒன்பது சுற்று என்று கையாலேயே சுற்றுவது சாமான்ய வேலை இல்லை; கூலியோ சொற்பம். பம்பாயில் 1959 மார்ச்சில் ஏழு பெண்கள் எண்பது ரூபாய் கடன் வாங்கி மொட்டைமாடியில் அப்பளம் இட ஆரம்பித்ததுதான் லிஜ்ஜத் ஆயிற்று. மயிலாப்பூரில் அப்படி ஒரு சங்கம் சேரவில்லை. ஒவ்வொருத்தியும் தனித்தனி வாசலில் தனித்தனியாக உழைத்தாள். அவர்களை அழைக்கக்கூடப் பெயர் கிடையாது. 'பட்சண மாமி', 'அப்பளாத்துப் பாட்டி' என்பதுதான்.

எழுபதுகளில் நான் சென்னைக்கே வேலைக்கு வந்து தி.நகரில் குடியேறியபோது நிலைமை மாறத் தொடங்கிவிட்டது. (பாண்டி பஜார் என்ற பெயரைப் பார்த்து நம்மூர் ஞாபகத்தில் வைத்திருக்கிறார்கள் என்று பூரித்துப்போனேன். அது டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டிய நாடார் பெயரால் வந்தது என்று பிறகுதான் ஒரு சகா விளக்கினார்.) பெண்கள் ஆபீசுக்குப் போனார்கள். கொல்லையில்லாத அடுக்குமாடி வீடுகள் வந்தன. கோட்டை அடுப்பு எங்கே போடுவது? கூட்டுக்குடும்பம் கலைந்தது, அத்தைப்பாட்டிகளும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். எண்பதுகளில் அடையாறு காந்தி நகரில் கிராண்ட் ஸ்வீட்ஸ் வந்தபோது, 'வீட்டில் செய்தது மாதிரியே இருக்கிறது' என்று ஊரே அங்கே போயிற்று. தொன்னையில் சுடச்சுடச் சாதமும் கொடுப்பார்கள். வீட்டுச் சுவை கடைக்குப் போய்விட்டதே என்று சிலர் இப்போதும் அங்கலாய்க்கிறார்கள். எனக்கு அந்த வருத்தம் கிடையாது. கடையில் முறுக்குச் சுற்றுகிற பெண்ணுக்கு மாதச் சம்பளம் உண்டு. அத்தைப்பாட்டிக்கு வருஷத்துக்கு இரண்டு புடவை.

மீனாட்சி அம்மாள் 1962இல் காலமானார். புத்தகம் நிற்கவில்லை. மூன்று பாகங்களாக, குடும்பத்தாரே தொடர்ந்து அச்சிட்டு வருகிறார்கள்; ஆங்கிலத்திலும் பிற மொழிகளிலும் வந்தாயிற்று. 1965இல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தைத் தளர்த்திய பிறகு இங்கிருந்து போன பிள்ளைகளின் பெட்டியிலும் அது போயிற்று. அவர்களில் பல பேர் வீட்டில் இருந்தவரை ஒரு தம்ளர் காப்பி கலந்தறியாதவர்கள்.

எங்கள் பிரதி இப்போது பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே குடியேறிய என் தங்கையின் பெண் எடுத்துப் போனாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். போன தீபாவளிக்கு முன் போன் செய்தாள். "மாமா, ஓரத்தில் பென்சிலில் என்னமோ எழுதியிருக்கு, பாதி அழிஞ்சுபோச்சு. ஒரு பலம்னா எத்தனை கிராம்?"

முப்பத்தைந்து என்றேன். பாகுக்கு ஒரு கிண்ணம் தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.