பேரல் பந்தயச் சேணமும் அலங்காரத் துணையணிகளும்

பேரல் பந்தயச் சேணம், அமெரிக்க ரோடியோ விளையாட்டுகளுள் ஒன்றான பேரல் பந்தயத்துக்கென்றே உருவான, எடை குறைந்த மேற்கத்தியச் சேணம். மண் பரப்பிய அரங்கில் மூன்று பீப்பாய்கள் முக்கோணமாக நிறுத்தப்பட்டிருக்கும். முழு வேகத்தில் பாய்ந்து வரும் குதிரை ஒவ்வொரு பீப்பாயையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வந்த வழியே திரும்பி ஓட வேண்டும். முதல் இரண்டு பீப்பாய்களுக்கு இடையே 90 அடி, அவற்றிலிருந்து மூன்றாவதற்கு 105 அடி என்பது முழு அளவு. அரங்கு சிறிதானால் தூரமும் குறையும். நேரம் வினாடியில் நூற்றில் ஒரு பங்கு வரை கணக்கிடப்படுகிறது. தொழில்முறைப் போட்டியில் பீப்பாய் ஒன்று சாய்ந்தால் 5 வினாடி கூடும். ஓட்டமே பெரும்பாலும் 14 முதல் 18 வினாடிக்குள் முடிந்துவிடுவதால், அந்த 5 வினாடி தோல்விக்குச் சமம்.

இந்தச் சிறு நேரத்துக்குள் குதிரை மூன்று முறை உடலை மடக்கித் திரும்புகிறது. ஒவ்வொரு திருப்பத்துக்குப் பின்னும் பின்னங்கால்களை ஊன்றி எகிறிப் பாய்கிறது. இந்த இரண்டு அசைவுகளையும் தாங்குவதற்காகவே சேணத்தின் உறுப்புகள் அமைந்துள்ளன. ரோடியோ அரங்கில் மிகுதியாக அலங்கரிக்கப்படும் சேணங்களுள் இதுவும் ஒன்று. கடையில் முதலில் கண்ணைப் பறிப்பது வெள்ளிப் பூவும் டர்க்காய்ஸ் நிறமும்தான். ஆனால் சேணத்தை உள்ளிருந்து வெளியே பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்: முதலில் சட்டம், பிறகு இருக்கை, பிறகு வார்கள், கடைசியில்தான் அலங்காரம்.

அலங்காரம் வந்த வழி

பேரல் பந்தயத்தில் அலங்காரம் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டதல்ல. 1931இல் டெக்சஸ் மாநிலத்தின் ஸ்டாம்ஃபோர்ட் ஊரில் நடந்த கௌபாய் விழாவுக்கு, சுற்றுவட்டாரப் பண்ணைகளிலிருந்தும் ஊர்களிலிருந்தும் இளம்பெண்கள் பிரதிநிதிகளாக அழைக்கப்பட்டார்கள். குதிரையின் தரம், உடையும் அணிகளும், சவாரித் திறன் ஆகியவற்றைப் பார்த்து நடுவர்கள் பரிசளித்தனர். பீப்பாய்களைச் சுற்றி ஓட்டுவது சவாரித் திறனைக் காட்டும் ஒரு பகுதி. பின்னர் உடைக்கான மதிப்பெண் மறைந்து கடிகாரம் மட்டுமே நடுவரானது. 1948இல் டெக்சஸின் சான் ஆஞ்செலோவில் 38 பெண்கள் கூடிப் பெண்கள் ரோடியோ சங்கத்தைத் தொடங்கினார்கள். 1981இல் அது பெண்கள் தொழில்முறை ரோடியோ சங்கம் எனப் பெயர் மாறியது. இன்று அலங்காரத்துக்கு மதிப்பெண் கிடையாது. ஆனாலும் அணிவகுத்து அரங்குக்குள் நுழையும் வழக்கமும், வெற்றியாளருக்குப் பெயர் பொறித்த சேணத்தையே பரிசாகத் தரும் வழக்கமும் அந்த அழகுணர்வைக் காப்பாற்றி வருகின்றன.

சட்டமும் குதிரையின் முதுகும்

தோலுக்குள் மறைந்திருக்கும் சட்டத்தை அமெரிக்கச் சேணத் தொழிலாளர்கள் ட்ரீ என்கிறார்கள். மரத்தைச் செதுக்கிப் பச்சைத்தோலோ கண்ணாடி இழையோ போர்த்திச் செய்வது மரபு. வார்ப்புப் பிளாஸ்டிக் சட்டங்களும், ஓரளவு வளைந்துகொடுக்கும் சட்டங்களும் பின்னர் வந்தன. சட்டத்தின் இரு பக்கத் தண்டுகளும் முதுகெலும்புக்கு இருபுறமும் உள்ள தசையின் மேல் ஒரே சீராகப் படிந்தால் சவாரிக்காரரின் எடை பரவும். ஓரிடத்தில் மட்டும் அழுத்தினால் குதிரைக்கு வலி. வலிக்கும் குதிரை திருப்பத்தில் தோளைச் சாய்க்கும், பீப்பாயை விட்டு அகலும், சில சமயம் அரங்கு வாசலிலேயே நுழைய மறுக்கும். பயிற்சிக் குறைபாடு என்று பழி சுமத்தப்படும் பல தொல்லைகளுக்குக் காரணம் சேணத்தின் அடியில் இருக்கிறது.

இந்தப் பந்தயத்தில் பெரிதும் ஓடுவது அமெரிக்கன் குவார்ட்டர் இனக் குதிரை. குட்டையான முதுகு, அகன்ற தோள், திரண்ட பின்புறம் கொண்டது. அதனால் சட்ட அளவுகளையும் அந்த இனத்தின் பெயரிலேயே சொல்கிறார்கள். சட்டத்தின் முன்பக்கத் திறப்பான முன்வாய் ஏறத்தாழ ஆறரை அங்குலம் இருந்தால் ‘செமி குவார்ட்டர் ஹார்ஸ்’, 7 அங்குலம் இருந்தால் ‘ஃபுல் குவார்ட்டர் ஹார்ஸ்’. ஆனால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. தண்டுகளின் சாய்வுக் கோணம் மாறினாலே பொருத்தம் மாறிவிடும். சீட்டில் எழுதிய எண்ணை நம்பி வாங்குவது கூடாது.

பொருத்தத்தைப் பார்க்க, முதலில் விரிப்பு இல்லாமல் வெறும் சேணத்தைக் குதிரையின் மேல் வைக்க வேண்டும். தோளெலும்பு அசையச் சேணத்தின் முன் இடம் இருக்க வேண்டும். தோள்மேட்டுக்கும் முன்வாய்க்கும் இடையில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். தண்டின் அடியில் உள்ளங்கையை நுழைத்து முன்னிருந்து பின்னாக நகர்த்தினால் அழுத்தம் எங்கும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். நடுவில் கை தளர்ந்து, இரு முனையிலும் இறுகினால் சட்டம் குதிரைக்கு ஒவ்வாது. பிறகு விரிப்பிட்டு, வியர்க்கும் வரை ஓட்டிவிட்டுக் கழற்றிப் பார்க்கலாம். நல்ல பொருத்தத்தில் முதுகின் இருபுறமும் வியர்வை சீராக நனைந்திருக்கும். முதுகெலும்பின் மேல் மட்டும் உலர்ந்த கோடு தெரியும். ஈரத்துக்கு நடுவே உள்ளங்கையளவு காய்ந்த திட்டு இருந்தால், அங்கே அழுத்தம் மிகுதியாக இருக்கலாம் அல்லது சேணம் முதுகைத் தொடாமல் தூக்கி நிற்கலாம். அதே இடம் தொட்டால் கூசுகிறதா, முடி தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தால் எது என்று புரியும். நாள்பட்ட அழுத்தம் வெள்ளை முடியாக முளைத்து நிலைத்துவிடும்.

சட்டம் குறுகலாக இருந்தால் தடித்த விரிப்புப் போட்டுச் சரிசெய்யலாம் என்பது பரவலான தவறான எண்ணம். இறுக்கமான செருப்புக்குள் காலுறையை இரட்டையாகப் போட்டது போல, அது இறுக்கத்தைக் கூட்டும். முக்கால் அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை தடிப்புள்ள கம்பளி ஃபெல்ட் விரிப்பு பெரும்பாலான குதிரைகளுக்குப் போதும்.

இருக்கை, கொம்பு, வார்கள்

கயிறெறிந்து மாடு பிடிப்பவர்களின் சேணம் 16 கிலோவுக்கு மேல் எடையிருக்கும். பேரல் சேணம் ஏறத்தாழ 10 முதல் 14 கிலோ. மாட்டைக் கட்டி இழுக்கும் வேலை இல்லாததால், சேணத்தின் முன்னால் நிற்கும் கொம்பு மெலிந்தும் உயர்ந்தும் இருக்கும். திருப்பத்தில் ஒரு கையால் கொம்பை ஊன்றித் தள்ளிக்கொண்டுதான் சவாரிக்காரர் இருக்கையில் நிலைப்பார். இழுத்துப் பிடித்தால் உடல் முன்னுக்குச் சாயும் என்பதால், கொம்பைத் தள்ளும்படியே பயிற்சி தருகிறார்கள். எனவே கொம்பின் பருமன் கைப்பிடிக்கு ஒத்துவர வேண்டும். இருக்கையின் பின்விளிம்பான பின்மேடு 4 அங்குலத்துக்கு மேல் உயர்ந்திருப்பதும், கொம்புக்கு அடியிலுள்ள முன்புடைப்பு அகன்றிருப்பதும், எகிறும்போது ஆள் பின்னால் தள்ளப்படாமல் காக்கும்.

இருக்கை அளவு பொதுவாக 14 முதல் 16 அங்குலம். நெடுந்தூரச் சவாரிக்கு வசதியான அளவைவிட அரை அங்குலம் குறைத்தே பலரும் தேர்கிறார்கள். ஸ்வேட் தோல் இருக்கை வழுக்காது. அதனால்தான் பகட்டான பேரல் சேணங்களில்கூட இருக்கையும் கால் உராயும் பகுதியும் பெரும்பாலும் வேலைப்பாடின்றி இருக்கின்றன. அங்கவடி சற்று முன்னே தள்ளித் தடையின்றி ஊசலாட வேண்டும். வயிற்றுவாரை மாட்டும் வளையம் ஓரத்தோலிலேயே பதிக்கப்பட்டிருந்தால் காலுக்கடியில் தடிப்பு குறையும். குதிரையின் அசைவை முழங்கால் நன்றாக உணரும்.

அலங்கார வேலை

மேற்கத்தியச் சேணத்தின் தலையாய அழகு தோல் செதுக்கு. மரப்பட்டைச் சாறு போன்ற தாவரப் பொருள்களால் பதனிட்ட தோல்தான் இதற்கு ஏற்றது. அந்தத் தோலை ஈரப்படுத்திச் சற்றே உலரவிட்டு, சுழலும் பிடியுள்ள கத்தியால் மேற்பரப்பை மட்டும் கீறிக் கோடு வரைகிறார்கள். பிறகு சிறு இரும்பு அச்சுகளைச் சுத்தியால் தட்டிக் கோட்டின் ஒரு பக்கத்தை அமுக்கும்போது, இதழ் மேலெழுந்து நிற்கும். கடைசியில் பின்னணியைப் புள்ளி புள்ளியாகத் தாழ்த்திச் சாயம் ஏற்றினால் பூ தனியே பிரிந்து தெரியும். வயோமிங் மாநிலத்தின் ஷெரிடன் ஊரில் டான் கிங் போன்ற கலைஞர்கள் வளர்த்த பாணியில், சிறு பூக்கள் ஒன்றோடொன்று பின்னிய வட்டக் கொடிகளுக்குள் நெருங்கி நிற்கும். கூடை முடைவு போன்ற அச்சு வேலை இதைவிட எளிது, விலையும் குறைவு. கீறலும் தேய்மானமும் அதில் அவ்வளவாகத் தெரியாது என்பதால், தினமும் உழைக்கும் சேணத்துக்கு அதையே பரிந்துரைக்கலாம்.

மலிவுச் சேணங்களில் பெரிய உலோகத் தகட்டால் ஒரே அழுத்தில் பதித்த பூவேலை இருக்கும். விரலால் தடவினால் ஆழம் எங்கும் ஒன்றாக இருப்பதும், கத்திக் கோட்டின் கூர்மை இல்லாததும் தெரிந்துவிடும்.

‘ஜெர்மன் சில்வர்’ எனப்படும் உலோகத்தில் வெள்ளி துளியும் இல்லை. அது செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை. உறுதியானது, விலையும் கட்டுப்படியாகும். கான்சோ எனப்படும் வட்டப் பதக்கங்கள் பலவும் அதில்தான் செய்யப்படுகின்றன. அண்மை ஆண்டுகளில் படிகக்கல் பதிப்பு, முதலைத்தோல் அச்சு, முடியோடு கூடிய மாட்டுத்தோல், கையால் தீட்டிய சூரியகாந்தியும் கள்ளியும், தோல் குஞ்சம் எல்லாம் வந்துவிட்டன. இவை பின்மேட்டின் பின்புறத்திலும் ஓரத்தோலின் மூலையிலும் இருப்பது நல்லது. தொடையோ முழங்காலோ உராயும் இடத்தில் கல் பதித்தால் கல்லும் உதிரும், காலும் புண்ணாகும்.

துணையணிகள்

எகிறிப் பாயும்போது சேணம் பின்னோக்கி நழுவும். அதைத் தடுப்பது மார்புவார். ஆகவே இந்தப் பந்தயத்தில் அதை அழகுக்காக மட்டும் மாட்டுவதில்லை. தோள் மூட்டின் முனைக்கு மேலே படிந்து, மூச்சுக்குழலை அழுத்தாமல், மார்புக்கும் வாருக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவுக்கு அது தளர்ந்திருக்க வேண்டும். பதக்கத் திருகுகளின் பின்பக்கம் தோலை உரசாதபடி மெல்லிய உள்ளுறை தைத்திருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பது அவசியம். பின்வார் சேணத்தின் பின்பகுதி தூக்காமல் காக்கும். அது முன்பக்க வயிற்றுவாரோடு ஓர் இணைப்பு வாரால் கட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னோக்கி நழுவி அடிவயிற்றைக் கூசச்செய்து குதிரையைத் துள்ள வைக்கும்.

லகான், இரு பக்கமும் சேர்ந்த ஒரே வளையமாக இருக்கும். ஒரு கை கொம்புக்குப் போகும்போது அது கீழே விழாது. ரப்பர் பிடியோ முடிச்சோ உள்ள லகான், கல் பதித்த லகானைவிட ஈரக் கையில் நிலைக்கும். வாய்க்கம்பியை அந்தந்தக் குதிரைக்கு ஏற்பத் தேர வேண்டும். சேணத்தின் நிறத்துக்கு ஏற்ப அல்ல.

தலைவாரில் பதக்கத்தையும் வாய்க்கம்பியையும் பிடித்திருப்பது பெரும்பாலும் ‘சிகாகோ திருகு’ என்னும் சிறு திருகு. 1985இல் லாஸ் வேகஸில் நடந்த தேசிய ரோடியோ இறுதிப் போட்டியின் ஏழாம் சுற்றில், நியூ மெக்சிகோவைச் சேர்ந்த சார்மெய்ன் ஜேம்ஸ் தம் குதிரை ஸ்காம்ப்பருடன் அரங்குக்குள் பாய்ந்தபோது அப்படியொரு திருகு கழன்று கடிவாளம் விழுந்துவிட்டது. கடிவாளமில்லாத ஸ்காம்ப்பர் மூன்று பீப்பாய்களையும் சுற்றி, அந்தச் சுற்றில் முதலாவதாக வந்தது. 1984 முதல் 1993 வரை தொடர்ந்து பத்து உலகப் பட்டங்களை அந்த இணை வென்றது. எல்லாக் குதிரையும் ஸ்காம்ப்பர் ஆகிவிடாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் திருகுகளை முடுக்கிப் பார்ப்பதும், மரையில் ஒரு சொட்டு நகப்பூச்சு இடுவதும் உயிரைக் காக்கும் வேலை.

நிறப் பொருத்தத்தில் ஒரு சிக்கல் உண்டு. எண்ணெய் பூசிய இயற்கைத் தோல் வெயில் பட்டு ஆண்டுக்கு ஆண்டு கருக்கும். இரண்டு ஆண்டு கழித்து அதே நிறுவனத்தில், அதே நிறம் என்று வாங்கும் மார்புவார் வெளிறித் தெரியும். முழுத் தொகுதி வேண்டுமென்றால் ஒரே நேரத்தில் வாங்க வேண்டும். இல்லையேல் வேண்டுமென்றே மாறுபட்ட நிறத்தைத் தேர்ந்து, பதக்கங்களை மட்டும் ஒன்றுபோல வைக்கலாம். இரண்டாவது வழி செலவிலும் பார்வையிலும் பெரும்பாலும் மேலானது.

வாங்கும்போது

டெக்சஸின் யோக்கம் ஊர் தோல் தொழிலுக்குப் பேர்போனது. சர்க்கிள் ஒய் போன்ற சேண நிறுவனங்கள் அங்கே உள்ளன. அமெரிக்கக் கடைகளில் விற்கும் மலிவுச் சேணங்களில் ஒரு பகுதி உத்தரப் பிரதேசத்தின் கான்பூரிலிருந்து செல்கிறது. பிரிட்டிஷ் இராணுவத்துக்குச் சேணம் செய்த காலத்திலிருந்தே தோல் வேலை தெரிந்த ஊர் அது. எங்கே செய்தது என்பதைவிட, சட்டம் எதனால் ஆனது, தண்டில் வார் எப்படிப் பிணைந்திருக்கிறது என்று கேட்பதே பயன் தரும்.

பழைய சேணமானால் கொம்பையும் பின்மேட்டையும் பிடித்து உள்நோக்கி அழுத்திப் பார்க்க வேண்டும். கிறீச்சென்று முனகி நடுவில் மடங்கினால் சட்டம் உடைந்திருக்கலாம். அதை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது. பல கடைகள் முன்பணம் பெற்றுக்கொண்டு சில நாள் சோதித்துப் பார்க்கச் சேணத்தைக் கொடுக்கின்றன. சோதிக்கும்போது அங்கவடி வாரில் துணி சுற்றி, விரிப்பைத் துவைத்துப் போட்டால் செதுக்கு வேலையில் கறை படியாது. கையிருப்புக் குறைவானால் வேலைப்பாடில்லாத நல்ல சேணத்தை எடுத்து, அலங்காரத்தைத் தலைவாரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் குதிரையின் முதுகில் வைத்துப் பார்க்க விடாத கடையில் எவ்வளவு அழகான சேணத்தையும் வாங்காதீர்கள்.