லினக்ஸ் தொடங்கும்போது மடிக்கணினி சூடேறுதல்

லினக்ஸின் நுழைவுத் திரை வருவதற்குள்ளேயே விசிறி இரைந்து, அடிப்பாகம் கை வைக்க முடியாதபடி சுட்டு, சில வேளைகளில் மடிக்கணினி தானாகவே அணைந்துவிடும் கோளாறு இது. இன்டெல் செயலிகள் பலவும் 100 டிகிரி செல்சியசை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெப்பம் அதையும் மீறினால் கணினி அணைந்துவிடும்.

எந்தக் கட்டத்தில் சூடேறுகிறது என்பதை முதலில் கண்டறிய வேண்டும். இதைப் பார்க்காமல் இயங்குதளத்தை மாற்றுவது வீண் வேலை. லினக்ஸ் ஏறுவதற்கு முன்பே இயங்கும் பயாஸ் அமைப்புத் திரையில் சிறிது நேரம் விட்டுவைத்தால் ஓரளவு சூடாவது இயல்பு. அங்கே செயலிக்கு ஓய்வுநிலை பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆனால் அங்கேயே அணைந்துபோனால் லினக்ஸ்மேல் பழியில்லை. விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையே தூசி அடைத்திருக்கும். அல்லது செயலியின் மேல் பூசிய வெப்பப் பசை காய்ந்திருக்கும். காற்றடித்துத் தூசியை நீக்கும்போது விசிறி சுழலாதபடி பிடித்துக்கொள்வது நல்லது.

இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்க வரும் கிரப் பட்டியலிலும் இதே நிலைதான். விசை அழுத்தலுக்காகக் காத்திருக்கும்போதும் அது செயலியை ஓயவிடாமல் ஓட்டக்கூடும். கணினியை அந்தத் திரையில் நிறுத்திவைத்துவிட்டுப் போகக் கூடாது.

லினக்ஸின் மையக்கருவான கெர்னல் ஏறிய பிறகு சூடேறினால் ஏசிபிஐ பக்கம் பார்க்க வேண்டும். இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் 1996இல் வெளியிட்ட இந்த நெறிமுறை வழியாகத்தான் பயாஸ் தன் வெப்ப எல்லைகளையும் மின்சேமிப்பு வசதிகளையும் இயங்குதளத்துக்குச் சொல்கிறது. அந்தத் தகவல் பிழையானால் விளைவு என்ன என்பதற்கு 2011 மார்ச்சில் வந்த 2.6.38 கெர்னல் நல்ல சான்று. பிசிஐ எக்ஸ்பிரஸ் மின்சேமிப்பு தங்களிடம் இல்லை என்று தவறாக அறிவித்த கணினிகளில் அந்தக் கெர்னல் அதை அணைத்துவிட்டது, மின்செலவு கூடியது. 2012இல் 3.3 பதிப்பில் இது சரியானது. பழைய கணினிக்கு முதல் மருந்து பயாஸையும் கெர்னலையும் புதுப்பிப்பதே.

இரண்டு வரைகலைச் சில்லுகள் கொண்ட கணினிகளில், உரிய இயக்கி இல்லாவிட்டால் வேலையில்லாத சில்லும் மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பலரும் பரிந்துரைக்கும் ‘நோமோட்செட்’ என்ற கெர்னல் அளவுரு திரைக் கோளாறுக்குத்தான் உதவும். வரைகலை இயக்கியே வேலை செய்யாமல் போவதால் சூடு கூடவும் வாய்ப்புண்டு. பயாஸில் வேலையில்லாத அந்தச் சில்லை அணைக்கும் வசதி இருந்தால் அணைத்துப் பார்ப்பதே தெளிவான சோதனை.

கணினி ஒருவழியாக மேலே வந்துவிட்டால் ‘சென்சார்ஸ்’ கட்டளை வெப்பநிலையைக் காட்டும். கெர்னலின் வெப்பக் கோப்புகளை நேரே திறந்தால் 97000 போன்ற எண் இருக்கும். அது 97 டிகிரி. கணினி கைக்குக் குளிர்ந்திருக்க இந்த எண் மட்டும் எகிறினால், உணரியின் அளவீட்டில் பிழை இருக்கலாம்.

அபாய எல்லையில் அணைவதைத் தடுக்கும் ‘தெர்மல்.நோசிஆர்டி’ என்ற கெர்னல் அளவுருவும் உண்டு. அளவீடு பொய் என்று உறுதியாகாதவரை அதைத் தொட வேண்டாம். செயலியும் தாய்ப்பலகையும் சேதமாகலாம்.