வீடும் ஒரு சேவையான வரலாறு



முப்பது ஆண்டுகட்கு மேலாக வகுப்பறையில் வட்டிக் கணக்குக் கற்பித்தவன் நான். ஓய்வு பெற்றபின் ஒருநாள், என்னிடம் பயின்ற ஒருவர் கையில் ஒரு கட்டுத் தாள்களுடன் என் இல்லத்திற்கு வந்தார். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் வீடு வாங்குவதற்காகப் பெரும்பணம் செலுத்தியிருந்தார். குறித்த நாள் கடந்து மூன்றாண்டுகள் ஆகியும் சாவி கைக்கு வரவில்லை. "ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டீர்கள், காத்திருக்கத்தான் வேண்டும் என்கிறார்கள், ஐயா" என்றார். பணம் முடங்கிய துயரைக் காட்டிலும், தம் கையெழுத்தே தமக்குப் பகையாயிற்றே என்னும் வெட்கம் அவர் குரலில் மிகுந்திருந்தது. அவருக்கு அன்று நான் கூறிய வரலாற்றையே இன்று உங்களுக்கும் கூற விழைகின்றேன்.

நம் நாட்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986ஆம் ஆண்டில் பிறந்தது. மாவட்டம், மாநிலம், தேசம் என மூன்று படிகளில் அது மன்றங்களை அமைத்தது. வழக்கறிஞர் துணையின்றி எளியவரும் தாமே சென்று முறையிடலாம். தொடக்கத்தில் அதற்குக் கட்டணமும் இல்லை. ஆயினும், பழுதான தையல் இயந்திரத்திற்கு வழக்காடலாம் என்பது தெளிவாயிருந்த அளவிற்கு, பழுதான வீட்டிற்கு வழக்காடலாமா என்பது தெளிவாயில்லை. சட்டத்தில் 'பொருள்' உண்டு, 'சேவை' உண்டு, வீடு என்னும் சொல் இல்லை.

இந்த ஐயத்தைத் தீர்த்தது லக்னோ நகரத்து வழக்கு. அந்நகரின் வளர்ச்சிக் குழுமத்திடம் ஒருவர் கோமதி நகர்ப் பகுதியில் வீடு கேட்டு விண்ணப்பித்தார். 1984இலேயே முழுத் தொகையும் செலுத்திவிட்டார். கட்டட வேலையோ முடிந்தபாடில்லை. நுகர்வோர் மன்றங்கள் அவர் பக்கம் நின்றன. மன உளைச்சலுக்காகத் தேசிய ஆணையம் 10,000 ரூபாய் வழங்குமாறு பணித்தது. குழுமம் உச்ச நீதிமன்றம் சென்றது. 'நாங்கள் சட்டத்தால் அமைந்த பொது நிறுவனம், வணிகர் அல்லோம், நிலமும் வீடும் அசையாச் சொத்து, அதில் சேவை எங்கே?' என்பது அதன் வாதம்.

1993 நவம்பர் 5ஆம் நாள் தீர்ப்பு வந்தது. வீடு கட்டித் தருவதாகக் கூறிப் பணம் பெறுபவர், குறித்த காலத்தில் குறித்த தரத்தில் அதனைக் கட்டி முடிக்கும் உழைப்பையும் சேர்த்தே விற்கின்றார். காலம் தவறினாலும், மட்டமான பொருளைக் கொண்டு கட்டினாலும் அது சேவைக் குறைபாடே. அரசு நிறுவனமாயினும் தனியார் நிறுவனமாயினும் விதி ஒன்றே. இழப்பீட்டுத் தொகையைப் பொறுப்பான அலுவலரிடமிருந்தே மீட்க வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறிற்று. அவ்வாண்டிலேயே சட்டமும் திருத்தப்பெற்று, வீட்டுக் கட்டுமானம் என்பது சேவைகளின் பட்டியலில் எழுத்தாலேயே இடம்பெற்றது. (சேவை என்னும் சொல்லைக் கோயிலோடும் தொண்டோடும் சேர்த்தே கேட்டுப் பழகிய என் செவிக்கு, சிமெண்டோடு அது சேர்ந்தது முதலில் விந்தையாகத்தான் இருந்தது.)

இனிக் கையெழுத்துச் சிக்கலுக்கு வருவோம். 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு அரியானா மாநிலத்துக் குருகிராமைச் சார்ந்தது. அந்த ஒப்பந்தத்தை ஒரு கணக்காகவே உங்கள் முன் வைக்கின்றேன். வாங்குபவர் தவணை தவறினால் ஆண்டிற்கு 18 விழுக்காடு வட்டி. கட்டுபவர் காலம் தவறினால் 9 விழுக்காடு! ஒரே தாளில், ஒரே மையில், இரண்டு நீதி. அச்சிட்டு நீட்டிய தாளில் ஒப்பமிடுவதைத் தவிர வேறு வழியில்லாதவரை, அத்தகைய ஒருபக்க விதி கட்டுப்படுத்தாது என்றும், அது நேர்மையற்ற வணிகமுறை என்றும் நீதிமன்றம் தெளிவுறுத்தியது. காலங்கடந்து வந்த வீட்டை ஏற்க மறுத்தவருக்கு, செலுத்திய பணத்தை 10.7 விழுக்காடு வட்டியுடன் திருப்பித் தர வேண்டும் என்னும் தேசிய ஆணையத்தின் ஆணையும் உறுதியாயிற்று.

இதற்கிடையே 2016இல் வீடு, மனை ஒழுங்குமுறைச் சட்டமும் வந்துவிட்டது. வாங்குவோர் தரும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அந்தக் கட்டடத்தின் நிலத்திற்கும் கட்டுமானத்திற்குமே செலவிட வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. ஒருவர் பணத்தில் மற்றொருவர் கட்டடம் எழும்பும் பழைய வித்தைக்கு அது பூட்டு.

இவ்வளவும் கேட்டபின் என் மாணவர் தம் ஒப்பந்தத்தை மேசைமேல் விரித்தார். சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு, வட்டி பற்றிய விதிகள் எங்கெங்கே உள்ளன என்று இருவரும் தேடினோம். முதலாவது ஏழாம் பக்கத்தில் இருந்தது. இரண்டாவதைக் கண்டுபிடிக்கத்தான் நெடுநேரம் ஆயிற்று; அத்துணைச் சிறிய எழுத்து. அந்த வாரமே அவர் மாவட்ட ஆணையத்தில் முறையீடு கொடுத்தார். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.