எழுத ஒருத்தர், வரைய ஒருத்தர்... 5 பக்க சயின்ஸ் ஃபிக்ஷன் காமிக்ஸ் போடலாமா?

மயிலாப்பூர் மாட வீதி மெஸ்ஸில் காபி குடித்துக்கொண்டே, "மச்சி, செம கதை ஒண்ணு இருக்கு... வரையத்தான் ஆள் இல்ல" என்று சொல்லியிருக்கிறீர்களா? அதே நேரத்தில் அடையாறில் ஒருவர் டேப்லெட்டும் பேனாவுமாக, "கை இருக்கு, கதைதான் வர மாட்டேங்குது" என்று புலம்பிக்கொண்டிருப்பார். இந்த இரண்டு பேரும் சேர்ந்தால் என்ன செய்யலாம், எங்கே முட்டிக்கொள்வார்கள், எப்படி முட்டாமல் தப்பிப்பது? பார்த்துவிடலாம் வாங்க.

இது நமக்குப் புதுசு இல்லை!

1972-ல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக வெளியிட்டது 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து, இரும்புக் கை மட்டும் தெரியும் ஹீரோ. உங்கள் அப்பாவிடமோ சித்தப்பாவிடமோ கேட்டுப் பாருங்கள், கண் மின்னும். அதன் மூலம், 1962-ல் பிரிட்டனின் 'வேலியன்ட்' இதழில் தொடங்கிய தொடர். ஆரம்பக் கதைகளை எழுதியவர் கென் புல்மர் என்ற ஆங்கில எழுத்தாளர். வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின் ஓவியர்.

நம் ஊர் வார இதழ்களிலும் இந்த ஜோடிப் பொருத்தம் உண்டு. சுஜாதாவின் கணேஷும் வசந்தும் எப்படி இருப்பார்கள் என்று வாசகர்கள் மனதில் பதிய வைத்தது ஓவியர் ஜெயராஜின் கோடுகள்தான்.

ஏழே பக்கம்... ஒரே ஹெல்மெட்!

சின்ன சயின்ஸ் ஃபிக்ஷன் காமிக்ஸ் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஒரு கிளாசிக் உதாரணம், 1953-ல் அமெரிக்காவின் 'வியர்ட் ஃபேன்டஸி' இதழில் வந்த 'ஜட்ஜ்மென்ட் டே'. எழுத்து அல் ஃபெல்ட்ஸ்டீன், ஓவியம் ஜோ ஆர்லாண்டோ. ரோபோக்கள் மட்டுமே வாழும் கிரகத்தை ஆய்வு செய்ய பூமியிலிருந்து ஒருவர் வருகிறார். அங்கே ஆரஞ்சு ரோபோக்களுக்கு ஒரு வாழ்க்கை, நீல ரோபோக்களுக்கு வேறு வாழ்க்கை. உள்ளே இருக்கும் பாகமெல்லாம் ஒன்றுதான், மேல் உறை மட்டும் வேறு. 'நீங்கள் இன்னும் தயாராகவில்லை' என்று சொல்லிவிட்டு அவர் கிளம்புகிறார். கடைசிக் கட்டத்தில்தான் ஹெல்மெட்டைக் கழற்றுகிறார். அவர் ஒரு கறுப்பினத்தவர். அந்தக் கட்டத்தில் யாரும் பேசுவதில்லை, விவரணை வரி மட்டும்தான்.

1956-ல் இதை மறுபடி அச்சிடப் போனபோது, அந்த மனிதரின் நிறத்தை மாற்றச் சொன்னது அன்றைய காமிக்ஸ் தணிக்கை அமைப்பு. பதிப்பாளர்கள் மறுத்து, அப்படியே வெளியிட்டார்கள்.

கவனியுங்கள்... கதை முழுக்க முகத்தை மறைத்து வைத்தது ஓவியர். கடைசிக் கட்டத்தில் பாத்திரத்தைப் பேசவிடாமல் வைத்தது எழுத்தாளர். கூட்டணி என்பது இதுதான்!

ஸ்கிரிப்ட் எழுதுவது எப்படி?

முதல் முயற்சிக்கு 5 பக்கம் போதும். பக்கத்துக்கு 4 அல்லது 5 கட்டங்கள். மொத்தம் 20 முதல் 25 கட்டங்கள்தான். அதனால் ஒரே ஒரு ஐடியா, இரண்டே பாத்திரங்கள், ஒரே இடம்.

ஐடியாவுக்கு செவ்வாய் கிரகம் வரை போக வேண்டாம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, சென்னையே தண்ணி லாரிக்காகக் காத்திருந்தது ஞாபகம் இருக்கிறதா? அதை அப்படியே 2080-க்குத் தள்ளுங்கள். மயிலாப்பூர் சந்து. தண்ணி லாரி வரிசையில் ஒரு பாட்டி, பின்னால் குடத்துடன் ஒரு பழைய ரோபோ. "நீங்க முன்னாடி போங்க பாட்டி" என்று இடம் விடுகிறது. தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறது. வீடு பூட்டிக்கிடக்கிறது. வாசலில் காய்ந்த துளசி மாடம். ரோபோ அதில் தண்ணீர் ஊற்றுகிறது. முடிந்தது.

இதில் கடைசிக் கட்டத்துக்கு எழுத்தாளர், 'அந்த வீட்டில் பல வருடங்களாக யாரும் இல்லை' என்று ஒரு வரி வைத்திருப்பார். ஓவியர் பூட்டில் துருவையும், கேட்டில் நூலாம்படையையும் வரைந்துவிட்டால் அந்த வரி தேவையில்லை. அடித்துவிடுங்கள். வலிக்கும்தான். ஆனால், படம் சொன்னதை வசனம் திரும்பச் சொன்னால் காமிக்ஸ் படுத்துவிடும்.

ஒரு கட்டத்துக்கு ஒரு செயல் மட்டும் எழுதுங்கள். 'ரோபோ குடத்தை எடுத்து, நடந்து, கதவைப் பார்க்கிறது' என்று எழுதினால் அது ஒரு கட்டம் அல்ல, மூன்று.

முதலில் கிறுக்கல், பிறகு ஓவியம்!

ஓவியர் நேராக ஃபைனல் படத்துக்குப் போகக் கூடாது. தீப்பெட்டி அளவில் எல்லாப் பக்கங்களையும் கிறுக்கிக் காட்ட வேண்டும். மாற்றம் சொல்ல வேண்டுமென்றால் எழுத்தாளர் அப்போதே சொல்லிவிட வேண்டும். கலர் அடித்த பிறகு "அந்த ரோபோவை இடது பக்கம் திருப்பேன்" என்று வாட்ஸ்அப் அனுப்பினால் நட்பு அன்றோடு காலி.

வசன பலூனுக்கான இடத்தையும் கிறுக்கும்போதே ஒதுக்குங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம். ஒரு பலூனுக்கு 12 முதல் 15 சொற்களைத் தாண்டாதீர்கள். முதலில் பேசுபவரின் பலூன் இடது மேலே இருக்கட்டும்.

வரைய 'கிரிட்டா' இலவச மென்பொருள். எழுத்துக்கு கூகுள் ஃபான்ட்ஸில் கவிவனார், பலூ தம்பி, கேட்டமரன் போன்றவை இலவசமாகக் கிடைக்கின்றன. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தமிழ் டைப் செய்து கொம்பும் காலும் இடம் மாறிக் குதறினால் பயப்பட வேண்டாம். டெக்ஸ்ட் செட்டிங்ஸில் தெற்காசிய மொழிகளுக்கான ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும்.

காசு, பெயர், உரிமை... கூச்சப்படாம பேசுங்க!

சூப்பர்மேனை உருவாக்கிய எழுத்தாளர் ஜெர்ரி சீகலும் ஓவியர் ஜோ ஷூஸ்டரும் 1938-ல் அதன் உரிமையை 130 டாலருக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்கள். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 1975-ல்தான் நிறுவனம் அவர்களுக்கு ஓய்வூதியம் தந்து, படைத்தவர்கள் என்று பெயர் போட ஒப்புக்கொண்டது.

அதனால் முதல் காபியிலேயே இதைப் பேசிவிடுங்கள்:

* அட்டையில் இரண்டு பெயரும் ஒரே அளவில் வர வேண்டும்.
* 5 பக்கம் எழுத இரண்டு ராத்திரி போதும். வரைய பல வாரங்கள் ஆகலாம். வருமானத்தைப் பங்கு பிரிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.
* பாதியில் ஒருவர் விலகினால் கதை யாருக்கு, பாத்திரத்தின் உருவம் யாருக்கு?
* டி-ஷர்ட், குறும்படம் என்று யாராவது கேட்டால் இருவரும் சம்மதித்தால்தான் கொடுப்பது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ன்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும். எத்தனை வருடம் என்று குறிப்பிடவில்லை என்றால் 5 வருடம் என்றும், எந்த நாட்டுக்கு என்று சொல்லவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். ஆக, ஒரு பக்க ஒப்பந்தம் போதும். நண்பன்கிட்ட எப்படிக் கையெழுத்து கேக்குறதுன்னு யோசிக்காதீங்க. நண்பன் நண்பனாகவே இருக்கணும்னுதான் கேக்குறோம்.

எங்கே கொண்டு போவது?

போனில் படிப்பவர்களுக்கு என்றால், ஒன்றன்கீழ் ஒன்றாக ஸ்க்ரோல் ஆகும்படி கட்டங்களை அடுக்குங்கள். அச்சுக்கு என்றால், நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்கங்கள் நான்கின் மடங்காக வர வேண்டும். 5 பக்கக் கதை, முன் அட்டை, பின் அட்டை, உங்கள் இருவரைப் பற்றி ஒரு பக்கம். மொத்தம் 8. இரண்டு ஏ4 தாளை மடித்தால் ஒரு குட்டிப் புத்தகம் ரெடி! ஜெராக்ஸ் கடையிலேயே வேலை முடிந்துவிடும்.

ஜனவரியில் நந்தனத்தில் புத்தகக் காட்சி நடக்கும்போது பத்து பிரதியைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். காமிக்ஸ் ஸ்டாலில் நிற்கும் ரசிகரிடம் ஒன்றை நீட்டுங்கள். அவர் கடைசிக் கட்டத்தில் ஒரு நொடி நின்றால், நீங்கள் இருவரும் ஜெயித்துவிட்டீர்கள்.

சரி, உங்கள் கதையை வரையப்போகும் அந்த ஆள் யார்? இப்பவே மெசேஜ் பண்ணுங்க!