எரியாது என்று நம்பியவை

1978 அக்டோபர் 12, வியாழக்கிழமை. மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஆட்கள் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். ஜூரோங் கப்பல் பட்டறையில் பழுதுபார்ப்புக்காக நின்றிருந்த 'ஸ்பைரோஸ்' என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பலின் பின்பகுதியில் எரிபொருள் தொட்டி ஒன்று வெடித்தது. தொட்டிக்கும் இயந்திர அறைக்கும் நடுவே இருந்த இரும்புச் சுவர் கிழிந்து, எரியும் எண்ணெய் உள்ளே பாய்ந்தது. 76 பேர் இறந்தார்கள். 69 பேர் காயமடைந்தார்கள். போருக்குப் பிந்தைய சிங்கப்பூரின் தொழில்துறை வரலாற்றில் இவ்வளவு உயிர்களைக் குடித்த விபத்து வேறில்லை.

எப்படிப் பற்றியது? கேஸ் கட்டிங் வேலையின் நெருப்பு என்பது பாதி பதில்தான். கப்பல் பட்டறையில் கட்டிங்கும் வெல்டிங்கும் நடக்காத நாளே கிடையாது. அன்றைக்கு மட்டும் ஏன்?

பதில் தொட்டிக்குள் இருந்தது. எண்ணெய் எரிகிறது என்று சொல்கிறோம். உண்மையில் எரிவது அதன் ஆவி. கப்பலுக்கு ஊற்றும் எரிபொருள் எண்ணெய் கனமானது, சாதாரணச் சூட்டில் அவ்வளவாக ஆவியாகாது. பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி எழ, அது 60 டிகிரிக்கு மேல் சூடேற வேண்டும். பெட்ரோலுக்குப் பயப்படுகிற மாதிரி அதற்கு யாரும் பயப்படுவதில்லை. ஸ்பைரோஸின் தொட்டியில் இருந்ததோ வெறும் எரிபொருள் எண்ணெய் அல்ல. அதில் கச்சா எண்ணெய் கலந்திருந்தது. கச்சா எண்ணெயின் லேசான பகுதி சாதாரணச் சூட்டிலேயே ஆவியாகும். அந்த ஆவி எண்ணெய்க்கு மேலிருந்த வெற்றிடத்தை நிரப்பிக்கொண்டு காத்திருந்தது. தொட்டியின் பெயர் ஒன்று, உள்ளே இருந்த பொருள் வேறொன்று. வெளியே நெருப்பைப் பிடித்து நின்றவருக்கு அது தெரிய வழியே இல்லை.

தொழிற்சாலைத் தீ என்றதும் நமக்கு உடனே வாயில் வருவது 'கவனக்குறைவு'. சிகரெட்டை அணைக்காமல் போட்டான், சுவிட்சை மூடாமல் போனான் என்று கதையை ஒரு ஆளின் கையில் முடித்துவிடுவோம். பாடப்புத்தகத்துப் பட்டியலும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்: மின்கசிவு, வெல்டிங் பொறி, சூடேறிய இயந்திரம், எளிதில் தீப்பற்றும் திரவம், தூசி. பட்டியலில் தப்பில்லை. ஆனால் அது தீக்குச்சிகளின் பட்டியல். விறகை அங்கே அடுக்கி வைத்தது யார் என்ற கேள்வி அதில் இல்லை.

இன்னொரு நாளுக்கு வருவோம். 2021 பிப்ரவரி 24, துவாஸ். அங்கே ஒரு தொழிற்கூடத்தில் தீத்தடுப்புக்குப் பயன்படும் களிமண்ணைக் கலந்துகொண்டிருந்தார்கள். ஆமாம், தீயைத் தடுக்கிற பொருள்தான். கலவை இயந்திரத்தைச் சுற்றியிருந்த உறைக்குள் எண்ணெய் சூடேறி, அழுத்தம் தாங்காமல் வெடித்தது. அதோடு நிற்கவில்லை. கலவையில் சேர்ப்பதற்கு வைத்திருந்த உருளைக்கிழங்கு மாவு காற்றில் பறந்து, அதுவும் பற்றிக்கொண்டது. மூட்டையில் இருக்கிற மாவு சாது. காற்றில் தூசியாக மிதக்கும்போது ஒவ்வொரு துகளையும் காற்று சூழ்ந்துகொள்கிறது; ஒன்றில் பிடித்த தீ கண்ணிமைக்கும் நேரத்தில் அத்தனைக்கும் தாவுகிறது. இறந்தவர் மூவர். ஒருவர் இந்தியாவிலிருந்து வந்தவர், இருவர் பங்களாதேஷிலிருந்து. சமையலறை மாவு மனிதரைக் கொல்லும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? இயந்திரம் மட்டும் முன்பே சொல்லிப் பார்த்திருந்தது. எண்ணெய்க் கசிவு, புகை, சில நாட்களுக்கு முன்னால் ஒரு சின்னத் தீ என்று எல்லாம் நடந்ததாக விசாரணையில் வெளிவந்தது. ஒவ்வொரு முறையும் சரிசெய்துவிட்டு மறுபடி ஓட்டினார்கள்.

இரண்டு தீக்கும் நடுவே 42 ஆண்டுகளுக்கு மேல். பொருள் வேறு, இடம் வேறு. நம்பிக்கை மட்டும் ஒன்றே: 'இது எரியாது.'

இந்த ஆண்டுகளில் சட்டம் தூங்கிவிடவில்லை. ஆனால் சாவுக்குப் பின்னால்தான் வந்தது. 2004-இல் சிங்கப்பூரில் ஏறக்குறைய 40 நாட்களுக்குள் மூன்று பெரும் விபத்துகள்: நிக்கல் நெடுஞ்சாலை இடிந்து விழுந்தது, ஃபியூஷனோபொலிஸ் கட்டுமானத் தளத்தில் கம்பிக் கட்டமைப்பு சரிந்தது, பழுதுபார்ப்பில் இருந்த 'அல்முதைனா' கப்பலில் தீப்பற்றி 7 பேர் இறந்தார்கள். மறுபடியும் ஓர் எண்ணெய்க் கப்பல். அதன் பிறகே 2006-இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. மலேசியாவிலும் இதே வரிசை: 1991 மே 7, சுங்கை பூலோ பட்டாசுத் தொழிற்சாலை வெடிப்பில் 26 பேர், 1994-இல் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம்.

சட்டத்தின் ஒவ்வொரு பிரிவுக்கும் அடியில் யாரோ ஒருவர் கிடக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. நெருப்பு வேலைக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், தொட்டிக்குள் ஆவி இருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும், தூசியைக் கூட்டிச் சேர்க்காமல் அகற்ற வேண்டும். படிக்கச் சலிப்பூட்டுகிற வரிகள்தான். ஆனால் 'இதுக்குள்ள என்ன இருக்கு?' என்று கேட்கும் உரிமையை அவை ஒரு தொழிலாளியின் கையில் கொடுக்கின்றன. அந்தக் கேள்விக்குப் பதில் வரும்வரை டார்ச்சைப் பற்றவைக்காமல் நிற்கிறவனைச் சோம்பேறி என்று திட்டாத மேற்பார்வையாளரும் வேண்டும். அது எந்தச் சட்டப்பிரிவிலும் முழுசாக எழுதப்படவில்லை.

கப்பல் பட்டறைகளிலும் துவாஸிலும் இன்றைக்கும் தமிழ் காதில் விழுகிறது. மதியச் சாப்பாடு முடிந்து அவர்கள் எழுந்து போகும்போது, அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான் போனார்கள் என்பதை நாமாவது நினைவில் வைத்திருப்போம்.